அறுபத்தோராவது கதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கதை முடிந்துவிடுகிறது, கதைமாந்தர் முடிந்துவிடுவதில்லை. ஆசிரியர் 'முற்றும்' என்று எழுதிப் பேனாவை மூடி வைத்த பிறகும் அவர்கள் நம் மனத்தில் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வீரன் பிறகு என்ன ஆனான்? அந்தப் பெண் யாரை மணந்தாள்? தப்பி ஓடிய பகைவன் திரும்பி வந்தானா? இக்கேள்விகள் படித்தவர் நெஞ்சைக் குடைகின்றன. ஆசிரியர் விடை சொல்லாவிட்டால் வேறொருவர் பேனாவை எடுக்கிறார். ஒரு மரத்திலிருந்து கிளைகள் பிரிவது போல ஒரு கதையிலிருந்து பல கிளைக்கதைகள் பிரிகின்றன.

இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது. இந்தக் கிளைக்கதைகளில் எவற்றை மூலக்கதையோடு சேர்த்து எண்ணுவது? எவற்றைத் தள்ளி வைப்பது? அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? எழுதியவருக்கா, அவருடைய வாரிசுகளுக்கா, காசு கொடுத்து உரிமையை வாங்கிய கம்பெனிக்கா, படிக்கும் நமக்கா?

இதைப் பற்றிப் பேச ஓர் இயற்பியல் மாணவனுக்கு என்ன வேலை என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கக்கூடும். பொருள்களை வகைப்படுத்துவதும், வகைப்படுத்தும் விதி எது என்று கேட்பதும் அறிவியலின் அன்றாட வேலை. கதைகளையும் அந்தக் கண்கொண்டு பார்த்தால் என்ன தெரிகிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறுபது என்னும் கணக்கு

உலகத் துப்பறியும் கதைகளில் முதல் வரிசையில் நிற்பவர் ஷெர்லக் ஹோம்ஸ். அவரைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் ஒரு மருத்துவர். 1887 ஆம் ஆண்டு முதல் நாவல் வெளிவந்தது. பிறகு லண்டனில் 'ஸ்டிராண்ட்' என்னும் மாத இதழில் சிறுகதைகள் தொடர்ந்து வந்தன. எழுதி எழுதிச் சலித்துப்போன டாயில், 1893 டிசம்பரில் ஹோம்ஸைச் சுவிட்சர்லாந்து நாட்டு நீர்வீழ்ச்சி ஒன்றில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை. 1901 இல், ஹோம்ஸின் முடிவுக்கு முன்பு நடந்ததாக ஒரு நாவலைத் தொடங்கினார். 1903 இல் ஹோம்ஸ் சாகவே இல்லை என்று சொல்லி உயிரோடு திரும்ப அழைத்து வந்தார். கடைசிக் கதை 1927 இல் வந்தது. 1930 இல் டாயில் மறைந்தார்.

நாவல்கள் 4, சிறுகதைகள் 56, ஆக 60. புத்தகக் கணக்கில் 9. ஹோம்ஸ் அன்பர்கள் இந்த அறுபதை மட்டுமே மூலவரிசை என்று கொள்கிறார்கள். மூலவரிசை என்ற எண்ணம் சமய நூல்களிலிருந்து வந்தது. வேத நூலில் எந்தப் பகுதி சேர்ந்தது, எது சேராதது என்று அறிஞர்கள் ஆராய்வார்கள் அல்லவா? 1911 இல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் அந்த ஆராய்ச்சி முறையைக் கேலி செய்வதற்காக, அதே முறையில் ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். நீர்வீழ்ச்சிக்குப் பிறகு வந்த கதைகள் வாட்சன் இட்டுக்கட்டியவை என்று அதில் வாதாடினார்! விளையாட்டாகத் தொடங்கியது வினையாயிற்று. 1934 இல் அமெரிக்காவில் ஹோம்ஸ் அன்பர்கள் சங்கமே அமைத்துவிட்டார்கள்.

அறுபது சரி, அறுபத்தோராவது ஏன் கூடாது? அங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது.

ஐந்து உரைகற்கள்

சேர்ப்பதா, தள்ளுவதா என்று தீர்மானிக்க ஐந்து உரைகற்கள் இருப்பதாகச் சொல்லலாம். ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

முதல் உரைகல்: மூல ஆசிரியர் கைப்பட எழுதியிருக்க வேண்டும். 1896 இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் இதழுக்கு டாயில் ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுத்தார். அவர் படித்த பல்கலைக்கழகம் அது. அங்கே கிரிக்கெட் மைதானத்தில் கட்டடம் எழுப்ப நிதி திரட்டினார்கள். அதற்கு உதவியாகத் தந்த கதை. ஹோம்ஸ் வருகிறார், வாட்சன் வருகிறார், காலைச் சிற்றுண்டி மேசையில் வழக்கம்போல் ஊகித்துச் சொல்லும் வித்தையும் நடக்கிறது. எழுதியவர் சாட்சாத் டாயிலேதான். ஆயினும் அது அறுபதில் இல்லை! மாணவர் இதழில் வந்த கதைக்கு இந்தக் கதி என்றால் நம் ஆண்டு மலர்க் கதைகளின் கதி என்ன ஆகுமோ!

இரண்டாம் உரைகல்: முன்கதையோடு முரண்படக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் நாவலில் வாட்சனுக்குப் போரில் குண்டடி பட்டது தோளில். இரண்டாவது நாவலில் அது காலுக்கு இறங்கிவிட்டது. அவர் பெயர் ஜான். ஒரு கதையில் மனைவியே அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். முரண்பாடு இருந்தால் தள்ளு என்றால் மூலவரிசையிலிருந்தே பலவற்றைத் தள்ள வேண்டியிருக்கும். அன்பர்கள் அப்படிச் செய்யவில்லை. முரண்பாட்டுக்குச் சமாதானம் தேடி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதி மகிழ்கிறார்கள்.

மூன்றாம் உரைகல்: தரம். இதுவும் நிற்காது. கடைசித் தொகுப்பில் மசாரின் வைரம் பற்றி ஒரு கதை வருகிறது. டாயில் தாமே எழுதிய மேடை நாடகம் ஒன்றைக் கதையாக மாற்றியது அது. வாட்சன் சொல்வதாக இல்லாமல் படர்க்கையில் நடக்கிறது. அதை நல்ல கதை என்று மெச்சுபவர் குறைவு. ஆனாலும் அறுபதில் அதற்கு இடம் உண்டு. வெளியே நிற்கும் கதைகளுள் அதைவிடச் சிறந்தவை இருக்கின்றன.

நான்காம் உரைகல்: ஆசிரியரின் வீட்டில், அவருடைய காகிதங்களுக்கிடையே கிடைத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. டாயில் மறைந்த பிறகு அவருடைய தாள்களில் தட்டச்சு செய்த ஹோம்ஸ் கதை ஒன்று அகப்பட்டது. 1948 இல் டாயில் பெயரிலேயே அச்சேறியது. பிறகுதான் உண்மை வெளிவந்தது. ஆர்தர் விட்டேக்கர் என்ற கட்டடக் கலைஞர் எழுதி, பல ஆண்டுகளுக்கு முன் டாயிலுக்கு அனுப்பிய கதை அது. டாயில் ஒரு சிறு தொகை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். தாம் எழுதியதைச் சான்றோடு காட்டினார் விட்டேக்கர். கிடைத்த இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

ஐந்தாம் உரைகல்: உரிமையாளரின் முத்திரை. டாயிலின் மகன் ஏட்ரியன், ஜான் டிக்சன் கார் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதிய ஹோம்ஸ் கதைகள் 1954 இல் புத்தகமாயின. பெற்ற பிள்ளையே எழுதினாலும் வாசகர்கள் அவற்றை அறுபதோடு சேர்க்கவில்லை. 2011 இல் டாயில் வாரிசுகளின் நிறுவனம் ஒப்புதல் தந்து அந்தோணி ஹாரோவிட்ஸ் ஒரு நாவல் எழுதினார். நன்றாகவே விற்பனையாயிற்று. அதுவும் வெளியேதான். மேலும் உரிமை என்பது காலம் தீர்ந்தால் போய்விடும் பொருள். இங்கிலாந்தில் ஹோம்ஸ் கதைகளின் பதிப்புரிமை 2000 ஆம் ஆண்டின் முடிவோடு தீர்ந்தது. அமெரிக்காவில் எஞ்சியிருந்த உரிமையும் 2023 சனவரி 1 அன்று தீர்ந்தது. உரிமையாளரே இல்லாதபோது யாருடைய முத்திரையைத் தேடுவது?

ஐந்தும் தேறவில்லை. அப்படியானால் அறுபது என்ற கணக்கு எப்படி நிற்கிறது? மிக எளிய விதி ஒன்றால் நிற்கிறது. டாயில் வாழ்ந்த காலத்தில், அவர் சம்மதத்தோடு, அவர் பெயரில் அந்த ஒன்பது ஹோம்ஸ் புத்தகங்களில் இடம்பெற்றவை மட்டும். அவ்வளவுதான். இந்த விதியின் சிறப்பு என்னவென்றால் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். பேராசிரியரும் பார்க்கலாம், நூலகத்தில் புத்தகத்தை எடுக்கும் ஒரு கிராமத்துப் பையனும் பார்க்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்.

மீட்டர் என்பதை நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 299,792,458 இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரம் ஒரு மீட்டர் என்று 1983 இல் வரையறுத்தார்கள். உலகத்தார் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதற்காக, முழம் போட்டுப் பூ விற்கும் அம்மாளை யாரும் பொய் பேசுகிறவள் என்று சொல்வதில்லை. மூலவரிசையும் அத்தகைய ஏற்பாடுதான். அது ஓர் எல்லைக் கல். எல்லைக்கு அந்தப்புறம் இருப்பது மட்டமான நிலம் என்று எல்லைக் கல் சொல்வதில்லை.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். ஹோம்ஸ் என்றவுடன் உலகம் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாசகம், 'இது மிகச் சாதாரணம், வாட்சன்' என்ற பொருளில் வழங்குவது, அதே சொற்களில் அறுபது கதைகளில் எங்குமே இல்லை. மூலவரிசைக்கு வெளியே பிறந்த வாசகம் மூலத்தைவிட அதிகம் பேருக்குத் தெரிந்திருக்கிறது!

திருடப்பட்ட வீரன்

அப்படியானால் யார் வேண்டுமானாலும் யாருடைய கதையை வேண்டுமானாலும் நீட்டலாமா, மூல ஆசிரியருக்கு ஒரு பாதுகாப்பும் வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை ஸ்பெயின் நாட்டில் இருக்கிறது.

1605 இல் செர்வாண்டிஸ் 'டான் குயிக்சாட்' முதல் பாகத்தை வெளியிட்டார். நாடே சிரித்து மகிழ்ந்தது. இரண்டாம் பாகம் வரும் என்று எல்லாரும் காத்திருக்கையில், 1614 இல் அவெல்லனேடா என்ற புனைபெயரில் எவரோ இரண்டாம் பாகம் என்று ஒன்றை வெளியிட்டுவிட்டார். அதோடு நிற்கவில்லை, முன்னுரையில் செர்வாண்டிஸின் முதுமையையும் ஊனமுற்ற கையையும் இகழ்ந்தார். அந்தக் கை 1571 இல் லெபான்டோ கடற்போரில் ஊனமடைந்தது.

செர்வாண்டிஸ் என்ன செய்தார்? தம் உண்மையான இரண்டாம் பாகத்தை 1615 இல் முடித்தார். அதில் கதாநாயகனே அந்தப் பொய்ப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறான். அதில் தான் சரகோசாவுக்குப் போனதாக எழுதியிருப்பதை அறிந்து, அதைப் பொய்யாக்க வேண்டும் என்றே சரகோசாவை விட்டுப் பார்சிலோனாவுக்குப் போகிறான். பொய்ப் புத்தகத்தில் வரும் பாத்திரம் ஒருவனையே வழியில் சந்தித்து, 'உண்மையான குயிக்சாட் இவரே' என்று ஊர் அதிகாரி முன்னிலையில் எழுதி வாங்குகிறான். கடைசியில் இனி யாரும் அவனை எழுப்பி ஊர் சுற்ற விடக்கூடாது என்று நாயகனின் மரணத்தையும் ஆசிரியர் எழுதி முடித்தார். மறு ஆண்டே, 1616 இல், அவரும் மறைந்தார்.

செர்வாண்டிஸின் கோபம் நியாயமானது. எழுத்து அவருக்குச் சோறு. அவர் உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய தொடர்ச்சி என்று வேறொருவர் கடை விரித்தது பிழைப்பைப் பறிப்பதாகும். முகத்தை மறைத்துக்கொண்டு செய்தது அதைவிடக் கேடு. ஆனால் கிளைக்கதை எழுதுவதே குற்றம் என்று இதிலிருந்து கொள்ள முடியாது. டாயில் வாழ்ந்த காலத்திலேயே வில்லியம் ஜில்லெட் என்ற அமெரிக்க நடிகர் ஹோம்ஸ் நாடகத்தை உருவாக்கினார். அது 1899 இல் மேடையேறியது. ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று அவர் தந்தியடித்துக் கேட்க, கல்யாணம் செய்தாலும் சரி, கொன்றாலும் சரி என்று டாயில் பதில் கொடுத்துவிட்டார். அங்கே கேட்டு எழுதினார். தம் பெயரில் எழுதினார். இங்கே கேளாமலும் பெயரை மறைத்தும் எழுதினார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஒரே நாளில் வந்த அறிவிப்பு

நம் காலத்துக்கு வருவோம். 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிப் படத்தைப் பார்க்காதவர்களும் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஜார்ஜ் லூகாஸ் எடுத்த முதல் படம் 1977 இல் வந்தது. மூன்றாவது படம் 1983 இல். அதற்குப் பிறகு அடுத்த படத்துக்கு 16 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியை நாவல்களும் படக்கதைகளும் நிரப்பின. 1991 இல் திமோத்தி சான் எழுதிய நாவலில் திரான் என்றொரு படைத்தலைவன் வந்தான். நீல நிறத் தோலும் கூர்மையான அறிவும் உடைய அவன் வாசகர் மனத்தில் பதிந்துவிட்டான்.

கதைகள் பெருகவே, எது எவ்வளவு உறுதி என்று குறித்து வைக்க லூகாஸின் நிறுவனமே 2000 முதல் ஒரு கணினிப் பதிவேடு வைத்திருந்தது. லூகாஸின் படங்கள் முதல் படி. தொலைக்காட்சித் தொடர் அடுத்த படி. நாவல்களும் படக்கதைகளும் அதற்கும் அடுத்த படி. மேல்படியோடு கீழ்ப்படி மோதினால் மேல்படியே செல்லும். நம் நாட்டு நீதிமன்ற வரிசை போன்ற ஏற்பாடு.

2012 இல் டிஸ்னி கம்பெனி அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. அதுவரை வந்த ஆறு படங்களும், 'குளோன் போர்' என்னும் சித்திரத் தொடரும், அதற்கான படமும் மட்டுமே இனி மூலவரிசை. மற்ற நாவல்களும் படக்கதைகளும் 'பழங்கதைகள்' என்ற தலைப்பின் கீழ் தனியே வைக்கப்படும் என்றார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள் காசு கொடுத்து வாங்கி, இரவெல்லாம் கண்விழித்துப் படித்து, நடந்தவையாகவே மனத்தில் வைத்திருந்த நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நடக்காதவை ஆகிவிட்டன.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2015 இல் புதிய படம் வர இருந்தது. பழைய நாவல்கள் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டுத்தான் எழுத வேண்டும் என்றால் புதிய கதாசிரியருக்குக் கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்னது போலாகும். புதிதாகப் படம் பார்க்க வரும் ஒரு சிறுவன் அதற்கு முன் நூற்றுக்கணக்கான புத்தகங்களைப் படித்துவிட்டு வர முடியுமா? மேலும் பழைய புத்தகங்களை அவர்கள் அழித்துவிடவில்லை. புதிய தலைப்பிட்டுத் தொடர்ந்து அச்சிட்டு விற்றார்கள். இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கதையின் பிற்பகுதியைப் பாருங்கள். வெளியே அனுப்பப்பட்ட திரானை 2016 இல் ஒரு சித்திரத் தொடரில் அந்தக் கம்பெனியே மறுபடி அழைத்து வந்தது! 2017 இல் அதே திமோத்தி சானைக் கொண்டே அவனைப் பற்றிப் புதிய நாவலும் வெளியிட்டது. ஏன்? வாசகர்கள் அவனை மறக்கவில்லை. அறிவிப்பால் ஒரு பாத்திரத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க முடிந்தது. படித்தவர் நெஞ்சிலிருந்து எடுக்க முடியவில்லை. விற்கும் உரிமை கம்பெனிக்கு. நினைவில் வைக்கும் உரிமை வாசகருக்கு. முன்னது பத்திரத்தில் எழுதி விற்கக்கூடியது. பின்னதை யாரும் விலைக்கு வாங்கியதில்லை.

அல்லி எங்கே நிற்பாள்?

மேல்நாட்டுத் துப்பறிவாளனும் விண்வெளிப் படைத்தலைவனும் எந்தப் பட்டியலில் இருந்தால் நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். இந்தக் கேள்வி நம் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். இதிகாசத்தையும் துப்பறியும் கதையையும் ஒன்றாக வைப்பதாக யாரும் வருந்த வேண்டாம். இரண்டின் மதிப்பும் வேறு. கேள்வி மட்டும் ஒன்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அல்லி அரசாணி கதையும் பவளக்கொடி கதையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் சிறுமியாக இருந்தபோது ஊரில் எழுத்தறிந்த பெரியவர் ஒருவர் 'பெரிய எழுத்து'ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரவில் இராகத்தோடு படிப்பாராம். சுற்றி உட்கார்ந்து கேட்டே மனத்தில் ஏற்றிக்கொண்டார். மதுரையை ஆண்ட அல்லி, ஆண்களுக்கு அடங்காத அல்லி, அர்ச்சுனனையே திணறடித்த அல்லி. என் பாட்டிக்கு மகாபாரதம் என்றால் முதலில் நினைவுக்கு வருபவள் அவள்தான்.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அந்த மாலை வியாசர் செய்ததன்று. வியாச பாரதத்தில் அல்லி இல்லை. அது ஒரு கிளைக்கதை. விடுதியில் ஒரு நாள் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், 'அதெல்லாம் மகாபாரதத்திலேயே இல்லை. படிக்காதவர்கள் கட்டிவிட்டது' என்று ஒரே வரியில் தள்ளினார்.

அவர் சொன்னதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. 'வியாசர் எழுதவில்லை' என்பது ஒன்று. அது உண்மை, ஏட்டைப் பார்த்துச் சரிபார்க்கலாம். 'ஆகையால் மதிப்பில்லை' என்பது மற்றொன்று. அது முதல் கூற்றிலிருந்து பிறக்கவே இல்லை. கணக்கில் இப்படி ஒரு படியிலிருந்து சம்பந்தமில்லாத அடுத்த படிக்குத் தாவினால் ஆசிரியர் மதிப்பெண் போட மாட்டார். ஆனால் இலக்கியப் பேச்சில் நாம் இந்தத் தாவலை நாள்தோறும் செய்கிறோம்.

இதனால் அடிபடுபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். மூலநூல் பெரும்பாலும் படித்தவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. படிக்காதவர் வீட்டுக்குக் கதை வேறு வழியாகத்தான் வருகிறது. கூத்தாக வருகிறது; பாட்டாக வருகிறது; சுருக்கப் பதிப்பாகவும் மலிவுப் புத்தகமாகவும் வருகிறது. நானே ஹோம்ஸை முதலில் அறிந்தது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த, சிறுவர்க்காகச் சுருக்கிய, அட்டை கிழிந்த ஒரு தமிழ்ப் புத்தகத்தில்தான். டாயிலின் ஆங்கிலத்தை அகராதியோடு போராடிப் படித்தது கல்லூரிக்கு வந்த பிறகு. அந்தச் சுருக்கம் மூலவரிசையில் சேராது. சேர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் எனக்கு வாசலே இல்லை. 'சேராதது' என்று சொல்லும் வாய் கூடவே 'கீழானது' என்றும் சொல்லிவிட்டால், அந்த வாசல் வழியாக வந்தவர்கள் எல்லாரையும் அது வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்டவர்கள் வாதாட வரமாட்டார்கள்; வெட்கப்பட்டு வாய் மூடிக்கொள்வார்கள். பிறகு பேரனிடம் கதை சொல்லமாட்டார்கள். கதை அத்தோடு போயிற்று.

பின்பக்கத்தில் ஓர் இடம்

எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்துவிடலாம், பட்டியலே வேண்டாம் என்று சொல்லலாமா? அது கூடாது. விட்டேக்கர் எழுதியதை டாயில் தலையில் கட்டுவது இருவருக்கும் செய்யும் அநீதி. எது யாருடையது என்று தெரியாமல் போனால் ஆராய்ச்சி இல்லை, நன்றியும் இல்லை. புகழுக்கு உரியவரும் தெரியமாட்டார். பழிக்கு உரியவரும் தெரியமாட்டார்.

இதற்கு நல்ல வழியை நம் தமிழ்ப் பதிப்பாசிரியர்களே காட்டியிருக்கிறார்கள். கம்பராமாயண ஏடுகளில் பிற்காலத்தார் பாடிச் சேர்த்த பாடல்கள் பல உண்டு. அவற்றை இடைச்செருகல் என்போம். ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, கம்பருடையவை அல்ல என்று கண்டவற்றை அறிஞர்கள் மூலத்திலிருந்து பிரித்தார்கள். பிரித்தவற்றைக் குப்பையில் போடவில்லை. 'மிகைப் பாடல்கள்' என்று தலைப்பிட்டு நூலின் பின்பக்கத்தில் அச்சிட்டார்கள். கம்பர் பெயரும் காப்பாற்றப்பட்டது. பெயர் தெரியாத அந்தப் புலவர்களின் உழைப்பும் காப்பாற்றப்பட்டது. வேண்டியவர் புரட்டிப் படித்துக்கொள்ளலாம். அவர்கள் செய்த முடிவு தவறு என்று நாளை ஒருவர் மெய்ப்பிக்க விரும்பினாலும் சான்று கையில் இருக்கும்.

எங்கள் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2006 இல் வானியலார் கூடி, கோள் என்பதற்கு ஒரு வரையறை வகுத்து, புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விதியை வெளிப்படையாகச் சொன்னார்கள், வாக்கெடுத்தார்கள், எதிர்த்தவர்களும் பேசினார்கள். புளூட்டோ அதனால் மறைந்துபோகவில்லை. 2015 இல் ஒரு விண்கலம் அதன் அருகே சென்று படமெடுத்தபோது உலகமே ஆவலோடு பார்த்தது. பட்டியலில் இல்லாத பொருளைக் காணப் போன பயணம் வீண் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே கதைகளுக்கும் மூன்று விதிகள் போதும் என்பது என் கருத்து. ஒன்று, எழுதியவர் பெயரும் காலமும் மறைக்கப்படக்கூடாது; மூல ஆசிரியர் உயிரோடு எழுதிக்கொண்டிருந்தால் அவரைக் கேட்டே எழுத வேண்டும். இரண்டு, மூலவரிசைக்கு வைக்கும் விதி யாரும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். விற்பனைக்குத் தக்கபடி மாறக்கூடாது. மூன்று, வரிசையில் சேராதவற்றைப் பெயரிட்டுப் பின்பக்கத்தில் வைக்க வேண்டும். அவை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவற்றுள் மூன்றாவதே முக்கியமானது. முதல் இரண்டும் எழுதியவருக்கு நியாயம் செய்கின்றன. மூன்றாவது, கேட்டவருக்கும் படித்தவருக்கும் நியாயம் செய்கிறது.

சொன்னவர் யார் என்று பாராமல் சொன்ன பொருளைப் பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் கதையைப் படித்துப் பார்ப்பதும் அந்த வகைதான். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்த மூலநூலிலும் இல்லாத கதைகள் இருக்கும். இந்த விடுமுறையில் கேட்டு எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று மேலே குறித்து வையுங்கள். அறுபத்தோராவது கதை எழுத ஆசைப்படுபவர் தம் பெயரைப் போட்டுத் தைரியமாக எழுதட்டும். அறுபதை அறுபதாகவே வைப்போம், அறுபத்தொன்றையும் படிப்போம்.